நிரலை விட்டு வெளியேறும் பெயர்கள்

லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்11-இன் ஹெடர் கோப்பு (மற்ற நிரல்கள் தங்கள் தலையில் சேர்த்துக்கொள்ளும் கோப்பு) ஒன்றில் ஒரு மேக்ரோ வரி, அதாவது ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்றச் சொல்லும் வரி, இருக்கிறது. 'நன்' (None, ஒன்றுமில்லை) என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் அதைத் தூக்கிவிட்டு அங்கே பூஜ்யத்தைப் போடு என்பதுதான் அந்த வரி சொல்வது. எக்ஸ் விண்டோ சிஸ்டத்தின் பதினோராம் பதிப்பு 1987-ல் வந்தது. வரி இன்றைக்கும் அதே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. லினக்ஸில் சி++ வைத்து ஜன்னல், பட்டன், மெனு என்று எதையாவது எழுதியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

நடப்பது இதுதான். ஒரு பெட்டியின் ஓரக்கோடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எனம் (enum, வரக்கூடிய மதிப்புகளைப் பெயர் சொல்லி அடுக்கும் பட்டியல்) எழுதுகிறீர்கள். மூன்று மதிப்புகள்: நன், சாலிட், டாட்டட். தனியாக கம்பைல் செய்தால், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றினால், சுத்தமாக ஓடுகிறது. சில மாதம் கழித்து வேறு யாரோ, வேறு எதற்கோ, இன்னொரு கோப்பின் தலையில் எக்ஸ்11 ஹெடரைச் சேர்க்கிறார். அதற்கடுத்த வரியில் உங்கள் ஹெடர். பில்ட் உடைகிறது. கம்பைலர் விரல் நீட்டுவது உங்கள் எனத்தைப் பார்த்து: எண்ணுக்கு முன்னால் ஒரு பெயர் வந்திருக்க வேண்டுமே என்கிறது. அந்த வரியை உற்று உற்றுப் பார்க்கிறீர்கள். அதில் எண்ணே இல்லை.

கம்பைலர் பார்க்கும் முன்பே ப்ரீபிராசஸர் வந்து 'நன்'னைப் பூஜ்யமாக்கிவிட்டுப் போய்விட்டது. அதற்கு ஸ்கோப் (ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லை) தெரியாது, நேம்ஸ்பேஸ் தெரியாது, கிளாஸ் தெரியாது. சொல்லைப் பார்க்கும், மாற்றும், அவ்வளவுதான். 2011-ல் சி++ மொழிக்கு 'எனம் கிளாஸ்' வந்ததே மதிப்புகளின் பெயர்கள் எனத்துக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பதற்காக. இந்த மேக்ரோவிடம் அதன் பாச்சா பலிக்காது. 'நன்' மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஸ்டேட்டஸ், பூல், சக்ஸஸ், ஆல்வேஸ், கீபிரஸ், ஃபோகஸ்இன் என்று தினசரி புழங்கும் சொற்களாகப் பார்த்து அந்த ஹெடர்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஜன்னல், பட்டன் செய்ய உதவும் கியூட்டி நூலகத்தின் ஈவென்ட் பட்டியலிலும் கீபிரஸ் இருக்கிறது, ஃபோகஸ்இன் இருக்கிறது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் கியூட்டி ஹெடர்களையெல்லாம் முதலில் போட்டுவிட்டு எக்ஸ்11 ஹெடரைக் கடைசியில் வைப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் அகரவரிசைப்படி ஹெடர்களை அடுக்கி அழகுபடுத்தும் நாளில் எல்லாம் வெடிக்கும்.

'ப்ரோ, எனம்னா ஆல் கேப்ஸ்தானே?' என்று, அதாவது மதிப்புகளை முழுக்கப் பெரிய எழுத்தில்தானே எழுத வேண்டும் என்று, ஒருவர் நிரலை இன்னொருவர் சரிபார்க்கும் ரிவ்யூவில் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த வரிதான் ஞாபகத்துக்கு வரும். கேட்பவர் ஆமாம், இல்லை என்று ஒரு பதிலை எதிர்பார்க்கிறார். பெயர் வைக்கும் விதிகளை ருசி சமாச்சாரமாக, அவரவர் இஷ்டமாகப் பார்ப்பதால் வரும் கேள்வி அது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ ஒரு மோதல் நடந்திருக்கிறது. எந்த மோதல் என்று தெரிந்தால்தான் அந்த விதி நமக்குத் தேவையா என்று சொல்ல முடியும்.

பெரிய எழுத்து வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். சி மொழியில் மாறாத எண்களுக்கு மேக்ரோவில் பெயர் வைப்பார்கள், அந்தப் பெயர்களை முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதுவார்கள். அதற்கு நல்ல காரணம் இருந்தது. இது வேரியபிள் (மதிப்பு மாறக்கூடிய பெயர்) இல்லை, ப்ரீபிராசஸர் மாற்றிவிடும் சொல், ஜாக்கிரதை என்று படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை. பின்னால் எனம் வந்தது. மேக்ரோக்கள் செய்த வேலையைத்தான் அதன் மதிப்புகளும் செய்தன என்பதால், மேக்ரோவின் சட்டையை எடுத்து அவற்றுக்கும் மாட்டிவிட்டார்கள். ஆக, ப்ரீபிராசஸரின் கண்ணில் படக்கூடாத பெயர்களெல்லாம் அது மேயும் இடத்திலேயே போய் நின்றன. விண்டோஸின் வரைகலை ஹெடரில் 'எரர்' என்பது பெரிய எழுத்தில் ஒரு மேக்ரோ, மதிப்பு பூஜ்யம். லாக் எழுதும் நூலகம் செய்கிற யாரும் முதலில் எழுதுவது டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர் என்ற எனத்தைத்தான். 'எரர்' விண்டோஸில் உடையும். 'டீபக்' என்பதையோ பில்ட் செட்டிங்கிலேயே மேக்ரோவாகக் கொடுத்து வைத்திருப்பார்கள்.

கூகுளின் சி++ எழுத்து வழிகாட்டியில் இதைப் பற்றி வெளிப்படையாகவே ஒரு குறிப்பு உண்டு. 2009 ஜனவரி வரைக்கும் எனம் மதிப்புகளை மேக்ரோ போலப் பெரிய எழுத்தில்தான் எழுதி வந்தார்கள். மேக்ரோக்களோடு மோதல் வந்ததால் மாற்றினார்கள். இப்போது சின்ன 'கே' ஒன்றை முன்னால் ஒட்டி, அதன் பிறகு வரும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்குகிறார்கள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் அந்த ஒட்டு இருந்தால் எக்ஸ்11-இன் 'நன்'னும் தொடாது, விண்டோஸின் 'எரர்'ரும் தொடாது. சி++ மொழியை உருவாக்கிய ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் அதன் வல்லுநர் சட்டரும் தொகுக்கும் சி++ கோர் கைட்லைன்ஸிலும் எனம் மதிப்புகளுக்கு முழுப் பெரிய எழுத்து வேண்டாம் என்றே இருக்கிறது. காரணம் அதே மேக்ரோதான்.

வேடிக்கை என்னவென்றால், ஜாவாவில் ப்ரீபிராசஸரே கிடையாது. எச்சரிக்க வேண்டிய ஆபத்து இல்லை, ஆனால் பலகை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. ஜாவாவில் எனம் மதிப்பு என்றால் பெரிய எழுத்து. 2014-ல் எனம் பெற்ற பைத்தானும் அதையே பரிந்துரைக்கிறது. ரஸ்ட் இந்தப் பக்கமே வரவில்லை, சொல்லுக்கொரு பெரிய எழுத்து போதும் என்றுவிட்டது. ஸ்விஃப்ட் 2016-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, அதுவரை பெரிய எழுத்தில் தொடங்கிய எனம் மதிப்புகளையெல்லாம் சின்ன எழுத்துக்கு மாற்றியது. ஊரில் இருந்த அத்தனை ஸ்விஃப்ட் நிரல்களும் அந்த வருஷம் மாறின. ஆப்பிளின் நிரலெழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில் மாற்றித்தரும் கருவி இருந்ததால் ஆட்கள் தப்பித்தார்கள். ஜாவாவில் பெரிய எழுத்து வைப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை, கெடுதல் ஒன்றும் இல்லை. சி++ திட்டத்துக்குள் ஜாவாக்காரர் ஒருவர் வந்து அதையே கேட்டால்தான் மறுப்பேன்.

பெயரின் நீளம் பற்றிய சண்டைகள் இப்போது ஓய்ந்துவிட்டன. அதனால் அதைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். 1957-ல் ஐபிஎம் 704 கணினிக்காக வந்த ஃபோர்ட்ரான் மொழியில் பெயருக்கு ஆறு எழுத்துதான். அந்த இயந்திரம் ஒரே மூச்சில் கையாளும் அளவான ஒரு வேர்டில் 36 பிட், ஓர் எழுத்துக்கு 6 பிட். ஆறு எழுத்து என்றால் ஒரு வேர்டில் கச்சிதமாக அடங்கும். முதலெழுத்து ஐ, ஜே, கே, எல், எம், என் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அந்த வேரியபிள் முழு எண், மற்றவை தசம எண். அறிவிக்கவே வேண்டாம், பெயரே வகையைச் சொல்லிவிடும். எழுத்துப்பிழை செய்தால் புதிதாக ஒரு வேரியபிள் சத்தமில்லாமல் பிறக்கும். அதற்குக் கடிவாளம் ஃபோர்ட்ரான் 90 தரத்தில்தான் முறைப்படி வந்தது. லூப்புக்கு ஐ, ஜே, கே வைப்பது கணிதக்காரர்களின் பழக்கம்தான், ஆனாலும் அதை நிரலாளர்களின் விரலில் ஏற்றியதில் ஃபோர்ட்ரானுக்குப் பெரிய பங்கு உண்டு.

சி மொழியின் 1989 தரமும் கோப்புக்கு வெளியே தெரியும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துக்கு மட்டுமே உத்தரவாதம் கொடுத்தது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்துக்குக்கூட உத்தரவாதம் இல்லை. கோப்புகளை ஒன்றாக இணைக்கும் அன்றைய லிங்கர்கள் அப்படி. பிரிண்ட்எஃப், எஃப்குளோஸ், கெட்என்வ் என்று சி நூலகத்தில் ஆறு எழுத்துப் பெயர்களாகக் குவிந்திருப்பதற்கு இந்த நெருக்கடிதான் காரணம். யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் அழைப்பான 'கிரியேட்'டில் கடைசி 'ஈ' கிடையாது. யூனிக்ஸை மறுபடி எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'ஈ'யைச் சேர்ப்பேன் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் சொன்னதாக ஒரு பிரபலமான கதை உண்டு. அண்டர்ஸ்கோருக்கும் இப்படி ஒரு பூர்வீகம் இருக்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி தரத்தின் 1963 வடிவில் அந்த இடத்தில் இருந்தது இடப்பக்கம் பார்க்கும் அம்புக்குறி, 1967 திருத்தத்தில்தான் அண்டர்ஸ்கோர் உள்ளே வந்தது. ஜெராக்ஸின் பார்க் (PARC) ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழியை எழுதியவர்கள் பழைய அம்புக்குறியை மதிப்பளிக்கும் குறியாக வைத்துக்கொண்டார்கள். சொல்லைப் பிரிக்க அண்டர்ஸ்கோர் இல்லை. ஒட்டி எழுதி நடுவில் பெரிய எழுத்து போடும் கேமல் கேஸ்தான் ஒரே வழி. கேமல் கேஸுக்கும் அண்டர்ஸ்கோருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் இரண்டு தரப்பும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மொழி வளரும்போது அது நம் பெயரைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஜாவாவில் எனுமரேஷன் என்றொரு இன்டர்ஃபேஸ் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதற்கு வேரியபிள் வைக்கும்போது பலரும் 'எனம்' என்றே சுருக்கிப் பெயர் வைத்திருந்தார்கள். 2004-ல் ஜாவா 5 வந்தது, எனம் என்பது மொழியே ஒதுக்கிக்கொண்ட சொல், அதாவது கீவேர்ட் ஆனது, அத்தனை லூப்களும் கம்பைல் ஆகாமல் நின்றன. பைத்தான் 3.7, 2018-ல் 'அசிங்க்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது அந்தப் பெயரில் பாராமீட்டர் வைத்திருந்த நூலகங்களெல்லாம் பெயர் மாற்றின. அதில் பாடம் கற்றதாலோ என்னவோ, 3.10-ல் 'மேட்ச்' வந்தபோது அதை இடம் பார்த்துப் புரிந்துகொள்ளும் மென்மையான கீவேர்டாக வைத்தார்கள். பழைய நிரல்களில் மேட்ச் என்ற வேரியபிள் நிம்மதியாக இருக்கிறது.

எனத்துக்கே திரும்புகிறேன். எண்ணிக்கைக்கு உட்பட்ட மதிப்புகளைப் பெயர் சொல்லி அடுக்கும் வகையைப் பரவலாக்கியது நிக்லாஸ் விர்த்தின் பாஸ்கல், 1970-ல். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு பட்டியல் எழுதினால் அந்த மூன்று பெயர்களும் பட்டியலுக்கு வெளியே, அதே ஸ்கோப்பில் வந்து நிற்கும். வேறொரு பட்டியலில் மறுபடி சிவப்பு வைக்க முடியாது. சி மொழியும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1983-ன் ஏடா மட்டும் இதை அழகாகச் சமாளித்தது. ஏடாவில் எனம் மதிப்பு என்பது பாராமீட்டர் இல்லாத ஃபங்ஷன் மாதிரி. சிக்னல் விளக்கிலும் சிவப்பு இருக்கலாம், பெயின்ட் பட்டியலிலும் சிவப்பு இருக்கலாம். எந்த வகை எதிர்பார்க்கப்படுகிறது என்று பார்த்துக் கம்பைலரே பிரித்துக்கொள்ளும். மற்றவர்கள் இந்த வழியைப் பின்பற்றாமல் போனது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். விர்த்தோ பிறகு ஓபரானை வடிவமைத்தபோது எனத்தையே மொழியிலிருந்து தூக்கிவிட்டார்.

இந்த ஸ்கோப் கோளாறு எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதற்கு, நிரல்களுக்கிடையே தரவு அனுப்ப உதவும் கூகுளின் ப்ரோட்டோபஃப் நல்ல சாட்சி. அதன் எனங்கள் சி++ பழைய எனத்தின் விதிப்படி நடக்கின்றன. அதாவது மதிப்பின் பெயர் எனத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், உள்வீட்டு ஆள் இல்லை. அதனால் ஒவ்வொரு மதிப்பின் முன்னாலும் எனத்தின் பெயரையே மறுபடி எழுதச் சொல்கிறது வழிகாட்டி. பைத்தானிலோ கோட்லினிலோ வேலை செய்பவர், 'இதென்ன, ஆர்டர்ஸ்டேட்டஸ் புள்ளி ஆர்டர்_ஸ்டேட்டஸ்_பெய்டு, ஒரே விஷயத்தை ரெண்டு தடவை?' என்று எரிச்சலாவார். சி மொழியில் யாரோ செய்த முடிவுக்கு அவர் விலை கொடுக்கிறார். பூஜ்யத்தின் மதிப்புக்கு 'குறிப்பிடப்படவில்லை' என்ற பொருளில் பெயர் வைக்கச் சொல்லும் விதி மட்டும் எனக்குப் பிடித்தது. அனுப்ப மறந்த புலம் பூஜ்யமாக வந்து சேரும். பூஜ்யத்துக்கு 'பணம் கட்டியாயிற்று' என்று பெயர் வைத்திருந்தால் கதை கந்தல்.

ஸ்கோப் சரியாக இருக்கும் மொழியிலும் 'நன்' விடாது. ஸ்விஃப்டில் புகைப்பட ஃபில்டர்களுக்கு ஓர் எனம் எழுதி, அதில் ஒரு மதிப்புக்கு 'நன்' என்று பெயர் வையுங்கள். அந்த எனத்தை ஆப்ஷனலாக (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று) ஒரு வேரியபிளில் வைத்து, புள்ளி நன் என்று கொடுங்கள். ஃபில்டர் வேண்டாம் என்பது உங்கள் எண்ணம். ஆனால் ஆப்ஷனல் என்பதும் ஓர் எனம், அதற்கும் 'நன்' என்று ஒரு மதிப்பு உண்டு, அது நில் (nil, மதிப்பே இல்லை). வேரியபிளில் போய் உட்காருவது நில். இப்போது கம்பைலர் எச்சரிக்கை கொடுக்கிறது. நான் அந்தப் பெயரை எந்த மொழியிலும் எனத்துக்கு வைப்பதில்லை. ஃபில்டர் இல்லாத படத்துக்கு 'ஒரிஜினல்' என்றும், கோடு இல்லாத ஓரத்துக்கு 'பிளெய்ன்' என்றும் பெயர் கிடைக்காமலா போய்விடும்?

இனி நம் எழுத்துக்கு வருவோம். தமிழில் வேரியபிள் பெயர் வைக்கலாமா என்பது பலருக்கு உணர்ச்சிப் பிரச்சினை. எனக்கு அது எழுத்துப் பிரச்சினை. நண்பர் ஒருவர் குடும்ப மரம் வரையும் செயலி ஒன்று செய்தார். அதில் உறவுமுறைகளுக்கு ஓர் எனம். அங்கிள் என்று ஒன்றை வைத்துவிட்டு மாமாவையும் பெரியப்பாவையும் சித்தப்பாவையும் அதில் திணிக்க முடியாது என்பதால் தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதினார்கள். சித்தப்பாவுக்கு முதலெழுத்து சி-எச்சா, எஸ்ஸா? நடுவில் ஒரு டியா, இரண்டா, எச் சேருமா? மதுரைக்காரர் ஒரு மாதிரி, சென்னைக்காரர் ஒரு மாதிரி, யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு மாதிரி எழுதினால் தேடலில் எதுவும் சிக்காது. தமிழ் எழுத்தில் சித்தப்பா ஒரே மாதிரிதான். பைத்தான் 3, 2008-லேயே இதற்கு வழிவிட்டது. கீவேர்டுகளையும் தமிழில் வைத்த எழில் மொழி முத்து அண்ணாமலையின் முயற்சி.

ஆனால் மொழிக்கு மொழி வரவேற்பு வேறு. கோ (Go) மொழியில் பெயருக்குள் எழுத்தும் எண்ணும்தான் வரலாம், ஒட்டுக்குறிகள் வரக்கூடாது. யூனிகோடில் தமிழின் புள்ளியும், கால், கொம்பு, விசிறி எல்லாமும் ஒட்டுக்குறிகள். எனவே 'மலர்' கோ மொழியில் பெயராகாது, புள்ளியில் கம்பைலர் நின்றுவிடும். 'மலர' ஆகும். 'படம்' ஆகாது, 'பல' ஆகும், 'சில' ஆகாது. வர, தர, எழ, வளர, உயர என்று எச்சங்களாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரு நிரல் எழுதலாம், எழுதுகிறவருக்குப் பொழுது போகாவிட்டால். ஒட்டுக்குறி விலக்கால் தேவநாகரி போன்ற எழுத்துகள் வெளியே நிற்பதைக் கோ மொழியின் சொந்தக் கேள்வி-பதில் பக்கமே ஒப்புக்கொள்கிறது. அதையும் தாண்டினால் இன்னொரு சுவர். கோவில் முதலெழுத்து பெரிய எழுத்தாக இருந்தால்தான் அந்தப் பெயர் பேக்கேஜுக்கு வெளியே தெரியும். தமிழில் பெரிய எழுத்து ஏது? ஆக, தமிழ்ப் பெயர்கள் அத்தனையும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். பெயரின் தோற்றத்தில் அர்த்தத்தை ஏற்றும் ஒவ்வொரு விதியும் இப்படி எந்த எழுத்தையோ வெளியே நிறுத்தும்.

பைத்தானில் உள்ளே விட்டாலும் இன்னொரு கூத்து இருக்கிறது. 'கொடி' என்பதில் உள்ள கொ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒற்றைக் குறியாக ஒகரக்குறி, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. பைத்தான் நிரலில் உள்ள பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், எனவே இரண்டும் ஒரே வேரியபிள். ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்யாது, அங்கே இரண்டும் இரண்டு வேரியபிள்கள். பைத்தானிலும் கொண்டாட முடியாது. எனத்தில் 'கொடி' என்று மதிப்பு வைத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் ஜேசன் (JSON) தரவுக் கோப்பில் உள்ள 'கொடி' என்ற சரத்தை (எழுத்துத் தொடரை) வைத்து அதைத் தேடுகிறீர்கள். நிரலில் இருக்கும் பெயரை ஒழுங்குபடுத்திய பைத்தான், சரத்தைத் தொடாது. பிரித்து எழுதப்பட்ட கொ அதில் இருந்தால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கீ எரர் வரும். இரண்டையும் அச்சிட்டுப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும்.

ஔவையார் கதை இதைவிட மோசம். ஔ என்ற உயிரெழுத்துக்குப் பதிலாக ஒ-வும் ள-வும் தட்டி 'ஒளவை' என்று எழுதுபவர்கள் இணையத்தில் ஏராளம். பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிய பூதக்கண்ணாடி வேண்டும். யூனிகோடின் ஒழுங்குபடுத்தும் முறைகளில் எதுவும் இந்த இரண்டையும் ஒன்றாக்காது, ஏனென்றால் எழுத்து ரீதியாக அவை நிஜமாகவே வேறு வேறு. தமிழ் எண் ௧-க்கும் ககரத்துக்கும் இதே உறவு, ௭-க்கும் எகரத்துக்கும், ௮-க்கும் அகரத்துக்கும்கூட. 2021-ல் கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும், கண்ணுக்கு ஒன்றாகவும் கம்பைலருக்கு வேறாகவும் தெரியும்படி நிரலில் விஷமம் செய்யலாம் என்று காட்டி ஒரு கலக்குக் கலக்கினார்கள். தமிழில் அதற்கு விஷமம்கூட வேண்டாம், கீபோர்டு போதும். நான் தமிழ்ப் பெயர்களை வேரியபிள்களுக்குத் தயங்காமல் வைப்பேன். வெளியிலிருந்து வரும் சரத்தோடு ஒப்பிட வேண்டிய எனம் மதிப்புக்கு வைக்க மாட்டேன்.

இத்தனை நேரம் சுற்றி வந்தது இந்த வித்தியாசத்துக்காகத்தான். வேரியபிளின் பெயர் நிரலுக்குள் பிறந்து நிரலுக்குள்ளேயே முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் எடிட்டரில் ஒரு சொடுக்கில் மாற்றலாம், யாருக்கும் தெரியாது. எனம் மதிப்பின் பெயர் டேட்டாபேஸில் ஏறும், ஜேசனில் போகும், லாக்கில் விழும், வாடிக்கையாளர் எக்செல்லில் இறக்கி வைத்துக்கொள்வார், இன்னொரு கம்பெனியின் நிரலில் ஓர் இஃப் நிபந்தனையாக நிற்கும். ஆனால் எங்கள் ரிவ்யூக்களில் காரசாரமான விவாதமெல்லாம் வேரியபிள் பெயருக்குத்தான். எனம் மதிப்பு வந்தால் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று மட்டும் பார்த்துவிட்டு அப்ரூவ் கொடுத்துவிடுகிறார்கள்.

வெளியே போன பெயருக்கு என்னென்ன நடக்கும் என்பதற்குத் துருக்கி ஓர் உதாரணம். துருக்கிய மொழியில் புள்ளி வைத்த ஐயும் புள்ளி இல்லாத ஐயும் தனித்தனி எழுத்துகள். புள்ளி வைத்த சின்ன ஐயைப் பெரிதாக்கினால் புள்ளியோடுதான் பெரிதாகும். ஜாவாவில் 'ஆக்டிவ்' என்று சின்ன எழுத்தில் வரும் சரத்தைப் பெரிய எழுத்தாக்கி எனத்தில் தேடும் நிரல், சென்னையிலும் சிங்கப்பூரிலும் நன்றாக ஓடும். மொழி அமைப்பு துருக்கியாக இருக்கும் கணினியில், பெரிய ஐயின் தலையில் ஒரு புள்ளி முளைத்து, அப்படி ஒரு மதிப்பே இல்லை என்று விழும். எந்த மொழி விதிப்படி பெரிதாக்க வேண்டும் என்று நிரலிலேயே சொல்லிவிட்டால் சரியாகிவிடும். பலரும் சொல்வதில்லை. அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் (YAML) 1.1 கோப்பில் நாடுகளின் குறியீடுகளை மேற்கோள் இல்லாமல் பட்டியலிட்டால் நார்வேயின் 'என்ஓ', 'இல்லை' என்ற பொருளில் ஃபால்ஸ் ஆகிவிடும். தரவை அலசும் பைத்தான் நூலகமான பாண்டாஸில் நமீபியாவின் 'என்ஏ' விடுபட்ட தரவாகப் படிக்கப்படும். நார்வேக்காரருக்கும் நமீபியாக்காரருக்கும் இதில் ஒரு பங்கும் இல்லை.

பெயரே வேண்டாம், எண்ணாகச் சேமிக்கிறேன் என்பவர்களுக்கும் தனியாக ஆப்பு இருக்கிறது. ஜாவாவில் டேட்டாபேஸோடு பேசும் ஜேபிஏ-வில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எனத்தின் வரிசை எண் டேட்டாபேஸில் போகும். பட்டியலின் நடுவில் ஒரு புது மதிப்பைச் செருகினால் பழைய ரெக்கார்டுகளின் அர்த்தம் ஓர் இடம் நகர்ந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மைசீக்வல் டேட்டாபேஸின் எனம் வகையில் '0', '1', '2' என்று எண்களைப் போன்ற சரங்களை மதிப்பாக வைத்துவிட்டு, மேற்கோள் இல்லாமல் 2 என்று கொடுத்தால் பட்டியலின் இரண்டாவது மதிப்பான '1' பதிவாகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எனத்துக்கு மதிப்பு சேர்க்கலாம், பத்தாம் பதிப்பிலிருந்து பெயரும் மாற்றலாம், நீக்க முடியாது. நீக்க விடாததை நான் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுத்துப்பிழையோடு வெளியே போனால் பிழையே பெயராகிவிடும். இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி-யில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தீர்கள் என்று சொல்லும் ரெஃபரர் ஹெடரில் (இந்த ஹெடர் கோப்பு அல்ல, கோரிக்கையோடு போகும் ஒரு வரி) ஓர் 'ஆர்' குறைவு. 1996-ல் அதன் விவரக்குறிப்பான ஆர்எஃப்சி 1945 (ஆவண எண், ஆண்டு அல்ல) வந்தபோதே அப்படித்தான் அச்சானது. பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி என்ற ஹெடரில் இரண்டு 'ஆர்' சரியாக இருக்கின்றன. சரியான எழுத்தில் உள்ள ஹெடர், தப்பான எழுத்தில் உள்ள ஹெடரைக் கட்டுப்படுத்துகிறது. நான் வேலை செய்த இடம் ஒன்றில், பணப் பரிமாற்றச் சேவை ஒன்று 'சக்ஸஸ்' என்ற மதிப்பை ஒரு 'சி' குறைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் திருத்திவிட்டார்கள். பணம் கட்டிய அத்தனை பேருக்கும் 'உங்கள் பரிமாற்றம் தோல்வி' என்று எஸ்எம்எஸ் போனது. அன்றிலிருந்து அந்த இஃப் நிபந்தனையில் இரண்டு எழுத்துக்கூட்டலும் இருக்கின்றன.

நம் அரசாங்கமும் எனம் பராமரிக்கிறது, மாவட்டப் பட்டியல் என்ற பெயரில். 2018-ல் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள். 2019-ல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், 2020-ல் மயிலாடுதுறை சேர்ந்து 38. இன்னமும் 32-ஓடு நிற்கும் டிராப்டவுன்களில் ராணிப்பேட்டைக்காரர்கள் வேலூரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாவட்டங்களின் பெயரோடு ஒட்டியிருந்த தலைவர்களின் பெயர்கள் 1997-ல் நீக்கப்பட்டன. வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றும் செங்கை எம்ஜிஆர் மாவட்டம் என்றும் அச்சிட்ட பழைய சான்றிதழ்கள் பலர் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன, அவை செல்லவும் செய்யும். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வந்த அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. வேலூருக்கு அதில் இரட்டை 'ஈ', இரட்டை 'ஓ'. நோக்கம் சரிதான். ஆனால் ஆதார், பாஸ்போர்ட், பத்திரம், வங்கிக் கணக்கு என்று ஏற்கெனவே வெளியே போய்விட்ட பழைய எழுத்துக்கூட்டலை யார் போய்த் திரும்பக் கூப்பிடுவது?

எனக்குத் தெரிந்து இதை ஒழுங்காகச் செய்த ஓர் எனம் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம். 33 என்றால் தமிழ்நாடு. ஆந்திரம் முன்பு 28. 2014-ல் மாநிலம் பிரிந்தது. தெலங்கானாவுக்கு 36 கொடுத்தார்கள். மீதியிருந்த ஆந்திரத்துக்குப் பழைய 28-ஐயே விட்டு வைத்திருக்கலாம், வேலை மிச்சம். அப்படிச் செய்யாமல் புதிதாக 37 கொடுத்தார்கள். பட்டியலில் 28-க்கு நேராக 'ஆந்திரப் பிரதேசம், பிரிவினைக்கு முன்' என்று இருக்கும். ப்ரோட்டோபஃபில் 'ரிசர்வ்டு' என்று எழுதி, ஓய்வு பெற்ற எண்ணையும் பெயரையும் வேறு யாரும் எடுக்காமல் பூட்டி வைக்கிறோமே, அதே வேலை. அடுத்த முறை ரிவ்யூவில் யாராவது எனத்தின் நடுவிலிருந்து ஒரு பழைய மதிப்பை நீக்கிவிட்டு அந்த எண்ணைப் புதியதற்குக் கொடுத்திருந்தால், விளக்கம் எழுதாமல் 28 என்று மட்டும் கமென்ட் போடுவதாக இருக்கிறேன். ஏன் என்று கேட்டால் இந்தப் பதிவின் சுட்டியைக் கொடுத்துவிடலாம்.